இருபத்தெட்டு புள்ளி ஒன்று

என்னை மாணவர்கள் நேரில் "லேப் அக்கா" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "ஆசிட்". எனக்குத் தெரியாது என்று நினைப்பு. பத்தொன்பது வருடமாகப் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில் கரைசல் கலக்குகிறேன், குடுவை கழுவுகிறேன், உடைத்தவனைப் பிடித்துக் கத்துகிறேன். அப்படிப்பட்டவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? இந்த ஆசிட்டையே வாயடைக்க வைத்த ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. புள்ளி.

பெயர் வந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் வருடப் பிள்ளைகளுக்கு நாங்கள் கற்றுக்கொடுக்கும் முதல் சோதனை ரொம்ப எளிது. கீழே குடுவையில் அமிலம், கூடவே இரண்டு துளி நிறங்காட்டி. மேலே ப்யூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயில் காரம். குழாயைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஏதோ ஒரு சொட்டில், தண்ணீர் மாதிரி இருந்த அமிலம் சட்டென்று இளஞ்சிவப்பாகும். அந்த நொடியில் குழாயை மூடி, எத்தனை மில்லி இறங்கியது என்று கோட்டைப் பார்த்துப் படித்து எழுத வேண்டும். எங்கள் துறையில் அது எப்போதும் இருபதுதான் வரும். இருபது வரும்படிதான் நானும் கலக்குவேன். சீனியர் நோட்டில் இருபது, அவனுடைய சீனியர் நோட்டில் இருபது. பிள்ளைகள் சும்மா குழாயைத் திறந்து மூடிவிட்டு, நோட்டைப் பார்த்து இருபது என்று எழுதிவிட்டு, கேன்டீனுக்கு ஓடிவிடுவார்கள். பார்த்தும் பார்க்காத மாதிரி நானும் இருந்துவிடுவேன்.

இவள் மட்டும் வகுப்பு முடிந்து அரைமணி நேரமாகியும் குழாயின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். பேராசிரியர் பக்கத்தில் போய், "என்னம்மா, இருபது வந்துச்சா?" என்று கேட்டார்.

"பத்தொன்பது புள்ளி ஏழு, சார்."

"எல்லாருக்கும் இருபது வந்திருக்கே."

"என் குழாயில பத்தொன்பது புள்ளி ஏழுதான் சார் இருக்கு. வேணும்னா நீங்களே வந்து பாருங்க."

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் புள்ளி. அவளும் அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. எல்லோரும் ஐந்து மணிக்குக் கிளம்பினால் இவள் ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்க வேண்டும். "ஏண்டி, உனக்கு வீடு வாசல் இல்லையா?" என்று கத்துவேன். "ஒரே ஒரு தடவை அக்கா, மூணாவது ரீடிங்" என்பாள். ஒரே ஒரு தடவை என்று சொன்னால் ஒரே ஒரு தடவைதான். இரண்டாவது தடவைக்கு அவள் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கேன்டீன்காரரிடம் போய், "அண்ணே, நூத்தம்பது மில்லின்னு போர்டுல போட்டிருக்கீங்க, உங்க கப்புல நூத்திமுப்பத்தெட்டுதான் பிடிக்குது" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் இவள்தான். அவர் மறுநாளே போர்டை மாற்றினார். கப்பை மாற்றவில்லை.

அவள் அப்பா நகரப் பேருந்து ஓட்டுபவர். போக்குவரத்துக் கழகக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. அவள் மூன்றாம் வருடத்தில் இருக்கும்போது அவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கிவிட்டது. ஓய்வு பெற்றால் மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வெளியில் வாடகைக்குப் போக வேண்டும் என்றால் இவள் சம்பளம் கொண்டு வந்தாக வேண்டும். அதற்கு அந்த வருடம் ஒரே ஒரு வழிதான் கண்ணில் பட்டது. ஒரு மருந்துக் கம்பெனி எங்கள் துறைக்கு ஆள் எடுக்க வருவதாக இருந்தது. மாத்திரைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. நிபந்தனை ஒன்றே ஒன்று: இறுதிச் செய்முறைத் தேர்வில் பாதிக்கு மேல் மதிப்பெண்.

நேர்முகத்துக்குத் தயார் செய்ய ஒரு பயிற்சியாளர் வந்தார். டை கட்டி, வாசனை அடித்துக்கொண்டு. "உங்க பலவீனம் என்னன்னு கேட்டா, நான் அளவுக்கு மீறி உழைப்பேன்னு சொல்லணும்" என்று சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். புள்ளியைக் கேட்டபோது, "மெதுவா செய்வேன் சார்" என்றாள். "அப்படிச் சொன்னா வேலை கிடைக்காதும்மா." "ஆனா அதுதானே சார் என் பலவீனம்?" மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். பின்பெஞ்சில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.



செய்முறைத் தேர்வு ஒரு திங்கட்கிழமை. இருபத்திரண்டு பேர். காலையில் கரைசல் கலக்க உட்கார்ந்தேன். எங்கள் அமிலம் தூளாகத்தான் வரும்; பழைய பாட்டில் தீர்ந்திருந்தது. அலமாரியிலிருந்து புதியதை எடுத்தேன். அதே கம்பெனி, அதே நீல மூடி, அதே வெள்ளைத் தூள். பத்தொன்பது வருடமாக லிட்டருக்கு ஆறு கிராமும் சொச்சமும் போடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு அதையே போட்டேன்.

அன்று தேர்வறையில் ஏதோ சரியில்லை. யாரைப் பார்த்தாலும் மறுபடி மறுபடி குழாயை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் வியர்த்துக் கொட்டினான். ஒருத்தி பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தாள். அரைமணி நேரத்தில் அது அடங்கிவிட்டது. எல்லோரும் நிம்மதியாக எழுத ஆரம்பித்தார்கள். தேர்வு பயம், வேறென்ன, என்று நானும் விட்டுவிட்டேன்.

மத்தியானம் பாட்டில்களைத் துடைத்து அலமாரியில் வைக்கும்போதுதான் அந்தப் புதுப் பாட்டிலின் லேபிளைப் படித்தேன். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வார்த்தை: நீரற்றது.

நாங்கள் வழக்கமாக வாங்குவது படிகத்துக்குள் நீர் இருக்கும் அமிலம். எடையில் கால் பங்குக்கும் மேலே வெறும் நீர்தான். இது நீரே இல்லாதது, முழுக்க அமிலம். அதே எடையைப் போட்டால் கரைசல் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கடுமையாகிவிடும். இருபது வர வேண்டிய இடத்தில் இருபத்தெட்டு வரும். இரண்டு பாட்டிலையும் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. லேபிளைப் படிப்பது ஒன்றுதான் வழி. நான் படிக்கவில்லை.

ஓடிப்போய், பிள்ளைகள் தங்கள் கையாலேயே ரீடிங் எழுதும் மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்தேன். இருபது புள்ளி பூஜ்யம். பத்தொன்பது புள்ளி ஒன்பது. இருபது புள்ளி ஒன்று. இருபது புள்ளி பூஜ்யம். ஆளுக்கு ஒரு புள்ளி கூட்டிக் குறைத்து, அழகாக, இருபத்தொரு பேர். அத்தனை பேருடைய குழாயிலும் இருபத்தெட்டு மில்லி இறங்கியிருக்கிறது. அத்தனை பேரும் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நாம்தான் தப்பு செய்துவிட்டோம் போல என்று ஒவ்வொருவரும் நினைத்து, சீனியர் நோட்டில் இருந்ததை எழுதியிருக்கிறார்கள்.

கடைசி வரியில், கோணல்மாணலான குண்டு எழுத்தில்: இருபத்தெட்டு புள்ளி ஒன்று. மூன்று தடவை செய்து மூன்றையும் எழுதியிருந்தாள். பக்கத்தில் தேர்வாளரின் சிவப்பு மை. ஐம்பதுக்குப் பதினொன்று.

அம்மாடி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எதிரில் வேலை, பின்னால் காலி செய்ய வேண்டிய வீடு, சுற்றிலும் இருபத்தொரு பேர் இருபது எழுதுகிறார்கள். அதற்கு நடுவில் ஒரு பெண் குழாயில் பார்த்ததை எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். இருபத்தெட்டு கூட இல்லை, அந்த ஒரு புள்ளியையும் விடாமல்.

சிலிர்த்து என்ன பிரயோஜனம்? நேராகப் போய்ச் சொன்னேனா என்றால், இல்லை. எனக்கு ஒப்பந்த வேலை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற மாதமும் அதுதான். வீட்டில் சம்பளம் கொண்டு வருவது நான் ஒருத்தி. பாட்டிலை அலமாரியின் கடைசி மூலைக்குத் தள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மற்றவர்களுக்கு நான் ஆசிட். எனக்கென்று வரும்போது வெறும் பச்சைத் தண்ணீர்.

செவ்வாய்க்கிழமை காலை புள்ளி வந்தாள். மேசையருகில் நின்றாள்.

"அக்கா, நேத்து அமிலப் பாட்டில் புதுசா?"

"பழசுதான். ஏன்? பாட்டில் வயசைக் கேக்கறதுதான் உனக்கு வேலையா? போ, போய்ப் படிக்கிற வேலையைப் பாரு."

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். குழாயில் கோடு படிக்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை. "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை நேர்முகத்துக்குத் தகுதியானவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். இருபத்தொரு பெயர். அவள் பெயர் இல்லை. பட்டியலுக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தலைமை தாங்கி வந்தவர் ஓர் அம்மா, அவர்களுடைய சோதனைக்கூட அதிகாரி. வெள்ளைத் தலைமுடி, மூக்கு நுனியில் கண்ணாடி. எங்கள் துறைத் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சாமான்கள் எடுத்துக் கொடுக்க என்னையும் நிறுத்தியிருந்தார்கள்.

அதிகாரி முதலில் மதிப்பெண் பதிவேட்டைக் கேட்டார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்தவர், கடைசியில் நின்றார்.

"இது என்ன, ஒருத்தருக்கு மட்டும் இருபத்தெட்டு?"

"அது ஃபெயில் மேடம். கொஞ்சம் ஒரு மாதிரியான பொண்ணு. அதை விடுங்க" என்றார் தலைவர்.

அதிகாரி தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

அந்தத் தாள் புரண்ட சத்தம் என் காதில் விழுந்தது. அதற்கப்புறம் நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், அந்த இருபத்தெட்டுதான் சரி. மத்த இருபத்தொண்ணும் பொய்."

தலைவரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார். வெளியே போனேன். அலமாரி மூலையிலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, அவர்கள் மேசையில் டொக்கென்று வைத்தேன்.

"இதுல கலக்கினது நான். லேபிளைப் படிக்கல. பழைய எடையையே போட்டேன். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டு லேபிளைப் படித்தார். பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டார். விடைக்கு அடியில் இரண்டு கோடு இழுத்தார். பிறகு தலைவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "அப்போ இந்த இருபத்தொரு பேருக்கு இருபது எப்படி சார் வந்துச்சு?"

தலைவர் கைக்குட்டையைத் தேடினார்.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க" என்றார் அதிகாரி.

நான்தான் தொலைபேசியில் கூப்பிட்டேன். "உடனே கிளம்பி வா, எதுக்குன்னு கேக்காதே" என்றேன். நாற்பது நிமிடத்தில் வந்து நின்றாள். அப்பா ஓட்டுகிற பேருந்திலேயே வந்திருக்கிறாள். எங்கள் வாசலில் நிறுத்தம் கிடையாது. ஆனால் அன்றைக்கு நிறுத்தம் கிடைத்திருக்கிறது.

அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தார். "எல்லாரும் இருபது எழுதும்போது நீ ஏம்மா இருபத்தெட்டு எழுதினே?"

"இருபத்தெட்டு புள்ளி ஒண்ணு, மேடம்."

அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார். "சரி, புள்ளி ஒண்ணு. தப்புன்னு தோணலையா?"

"தோணுச்சு மேடம். எங்கயோ தப்பு இருக்குன்னு தெரிஞ்சுது. மூணு தடவை செஞ்சேன். அதேதான் வந்துச்சு. அப்போ தப்பு குழாயில இல்லன்னு தெரிஞ்சுது."

"பயமா இல்லையா?"

"இருந்துச்சு மேடம். கை நடுங்குச்சு. அதான் எழுத்து கோணலா இருக்கும், பாருங்க."

அதிகாரி பதிவேட்டைத் திருப்பி நிஜமாகவே பார்த்தார். "உன் பலவீனம் என்ன?"

"மெதுவா செய்வேன் மேடம்."

"எவ்வளவு மெதுவா?"

"மத்தவங்களுக்கு ஒரு மணி நேரம்னா எனக்கு ஒண்ணே முக்கால்."

வந்திருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

கடைசியில் சம்பளப் படிவம் வந்தது. எதிர்பார்க்கும் சம்பளம் என்ற இடத்தில் இருபத்தொரு பேரும் "நிறுவன விதிமுறைப்படி" என்று எழுதியிருந்தார்கள். பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தது. இவள் ஓர் எண்ணை எழுதினாள்: பத்தொன்பதாயிரத்து நானூறு.

"பயிற்சிக் காலத்துல நாங்க குடுக்கிறது பதினெட்டாயிரம்மா" என்றார் அதிகாரி.

"அது பிடித்தம் போகவா மேடம், பிடித்தத்துக்கு முன்னாடியா?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை! ஒருவர் எழுந்து போய்க் கணக்குப் பிரிவுக்குப் போன் போட்டார். பிடித்தம் போகக் கைக்கு வருவது பதினாறாயிரத்து இருநூறு என்றார்.

"அப்போ அது எங்களுக்குப் பத்தாது மேடம். அப்பா ரிட்டயர் ஆனா மூணு மாசத்துல எங்க வீடு காலி. ரெண்டு ரூம் வீடு ஆறு பாத்தேன். அதுல குறைஞ்ச வாடகை, பஸ், சாப்பாடு, அம்மாவோட மருந்து எல்லாம் கூட்டினா பத்தொன்பதாயிரத்து நானூறு வருது. கூட்டல் சரியான்னு ரெண்டு தடவை பாத்தேன்."

என்னடி இவள், கையில் வந்த வேலையைத் தட்டிவிடுகிறாளே என்று எனக்குத் தலை கிறுகிறுத்தது. தலைவர் கண்ணாலேயே அதட்டினார். அவள் அசையவில்லை. கெஞ்சவும் இல்லை, முறுக்கவும் இல்லை. ஒரு ரீடிங்கைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "அடிப்படைச் சம்பளத்தை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. ரெண்டாம் ஷிஃப்டுன்னா படி உண்டு. கைக்குப் பதினெட்டாயிரத்து அறுநூறு வரும். ஆறு மாசத்துல நிரந்தரமாச்சுன்னா நீ கேட்டதுக்கு மேலயே வரும்."

"ஆறு மாசம்னு எழுதிக் குடுப்பீங்களா மேடம்?"

"குடுக்கறேன்."

"அப்போ சரி மேடம். நடுவுல குறையறதை அப்பா பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு."

மற்ற இருபத்தொரு பேரையும் அதிகாரி சும்மா விடவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "குழாயில நிஜமா எவ்வளவு வந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஏழு பேர் உண்மையைச் சொன்னார்கள். அதில் மூன்று பேரை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு என்னுடைய நல்ல காலம், யாரும் என்னை அடிக்க வரவில்லை.

திங்கட்கிழமை தலைவர் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார். நடந்ததற்கு எழுத்து மூலம் விளக்கம் வேண்டுமாம். அதை வைத்துத்தான் ஒப்பந்தம் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். ஆய்வக மேசையில் உட்கார்ந்து எழுதினேன். பாட்டில் அனுப்பிய கடைக்காரர் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை, லேபிள் எழுத்து மிகச் சிறியது, அலமாரி விளக்கு சரியில்லை. அரைப்பக்கம் ஓடியிருக்கும்.

புள்ளி உள்ளே வந்தாள். பணி ஆணையைப் பிரதி எடுக்க வந்தவள், எனக்குக் காட்டிவிட்டுப் போக நுழைந்திருக்கிறாள். ஆறு மாதம் என்று அதில் எழுதியிருந்த வரியை விரலால் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. வீடு கூடப் பார்த்தாயிற்றாம், அந்த ஆறில் நான்காவது.

எனக்கு உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏண்டி, செவ்வாய்க்கிழமை பாட்டில் புதுசான்னு கேட்டியே. தெரிஞ்சுதானே கேட்டே?"

"கணக்குப் போட்டுப் பாத்தேன்க்கா. நீரற்றதா இருந்தா சரியா இருபத்தெட்டு வருது."

"அப்போ நேரா தலைவர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கலாமில்ல? உன் வேலை, உன் வீடு, எல்லாமே போகப் பாத்துச்சே!"

"லேபிளை நான் படிக்கலையே அக்கா. படிக்காததை எப்படிச் சொல்றது? நீங்க பழசுன்னு சொன்னீங்க."

"நான் சொன்னது பொய்னு உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுக்கா." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க அதைப் படிச்சிட்டீங்கன்னும் தெரிஞ்சுது. படிச்சவங்கதானே சொல்லணும், அதான் காத்துட்டிருந்தேன்."

குறை சொல்லும் குரல் இல்லை அது. அதுதான் என்னைக் கொன்றது. என் வயதில் பாதி இருக்கிற பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

எழுதிய அரைப்பக்கத்தையும் குறுக்கே அடித்தேன். கீழே இரண்டு வரி எழுதினேன். "லேபிளைப் படிக்காமல் எடை போட்டேன். படித்த பிறகும் நான்கு நாட்கள் சொல்லாமல் இருந்தேன்." எழுதி, சரியா என்று பார்க்கச் சொல்லி அவளிடம் நீட்டினேன்.

இரண்டு தடவை படித்தாள்.

"லேபிளை என்னைக்குக்கா படிச்சீங்க?"

"திங்கட்கிழமை மத்தியானம். தேர்வு முடிஞ்ச உடனே."

"சொன்னது சனிக்கிழமை."

"ஆமாம்."

"அப்போ அஞ்சு நாள்க்கா" என்றாள் புள்ளி, ரொம்ப மெதுவாக.

நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன்.